ரெண்டு வெரக்கடை தண்ணி

எம்.ஏ. தமிழ் படித்தபோது சிறுபாணாற்றுப்படையை வள்ளல் தன்மையைப் பாடும் பாட்டு என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பாட்டுக்குள் இரண்டு அடுப்படிகள் இருப்பதை யாரும் காட்டவில்லை. ஒன்று ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் அரண்மனை அடுப்படி. அங்கே பீமன் செய்ததாகச் சொல்லப்படும் மடைநூலில் உள்ளபடி, பிசகாமல், பலவகைச் சோறும் ஆக்கிப் போடுகிறார்கள். மற்றது பரிசு வாங்கப் போன பாணனின் வீட்டு அடுப்படி. கறையான் அரித்து, காளான் பூத்துக் கிடக்கிறது. குட்டி போட்ட நாய் அங்கே படுத்திருக்கிறது. அந்த வீட்டுக் கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிவந்து, உப்பில்லாமல் வேகவைத்து, யாராவது பார்த்தால் ஏளனம் பேசுவார்கள் என்று கதவைச் சாத்திவிட்டுச் சொந்தபந்தத்தோடு தின்கிறாள். கிணை என்பது பறை. கிணைமகள் யார் என்று நான் விளக்கத் தேவையில்லை.

அரண்மனைச் சமையலுக்கு நூல் இருக்கிறது. கீரை கிள்ளியவளுக்கு அந்தக் கீரையைச் சொல்லிக்கொடுத்தது யார்? எது தின்னலாம், எது வயிற்றைக் கலக்கும், எதை எந்தப் பருவத்தில் கிள்ளணும் என்று அவளுக்கும் ஒருத்தி சொல்லித்தானே இருப்பாள். சமையல் கற்ற வரலாறு என்று ஒன்றை எழுத உட்கார்ந்தால் இந்த இரண்டாவது அடுப்படியில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

1951இல் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வெளிவந்தது. இன்றுவரை விற்கிறது. புக்ககம் போகும் பெண்களுக்குச் சீர்வரிசையோடு அதைக் கொடுத்தனுப்பும் பழக்கம் உண்டு. அளவு துல்லியம், முறை துல்லியம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் புத்தகத்துக்கு ஒரு வீடு தேவைப்படுகிறது. துவரம்பருப்பு டப்பாவில் எப்போதும் இருக்கிற வீடு. நெய் இருக்கிற வீடு. படிக்கத் தெரிந்த பெண் பகல் முழுக்க அடுப்படியில் இருக்கிற வீடு. அந்த வீட்டுச் சமையல் எந்தச் சாதியின் சமையல் என்று புத்தக அட்டையில் போட வேண்டியதில்லை. ‘தமிழர் சமையல்’ என்று அது தானாகவே ஆகிவிடும். நம்முடையது என்றால் மட்டும் முன்னால் ஓர் அடைமொழி வந்து ஒட்டிக்கொள்ளும்.

நான் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் ஓர் ஏரிக்கரைச் சேரியில் வளர்ந்தவள். எங்கள் தெருவில் பொம்பளைப் பிள்ளைகள் எட்டு வயதில் சமைத்தார்கள். அம்மா பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்ததால் அல்ல, அம்மா பக்கத்தில் இல்லாததால். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மேல்சாதி வீட்டில் தாய் வீட்டிலிருப்பதால் மகள் கற்கிறாள். சேரியில் தாய் நடவுக்கோ களையெடுக்கவோ போய்விடுவதால் மகள் கற்கிறாள். விடியக்காலம் கிளம்பும்போதே எங்கம்மா வாசலில் நின்று பாடம் நடத்திவிட்டுப் போகும். "நொய்யிக்கு மேல ரெண்டு வெரக்கடை தண்ணி நிக்கணும். தம்பி அய்தான்னு அடுப்ப உட்டுட்டு ஓடாத. கருவாட்டப் போட்டுட்டு அப்பறமா உப்புப் பாரு, மொதல்லயே போட்ட, வாயில வெக்க முடியாது." அவ்வளவுதான் பாடம். மிச்சம் அடி பிடித்த சட்டியும், சாயங்காலம் வாங்குகிற திட்டும் கற்றுக்கொடுக்கும்.

கூழ் காய்ச்சுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைக்கணும். மறுநாள் நொய்யை வேகவிட்டு, அது பாதி வெந்து மலரும்போது கரைத்த மாவை ஊற்றித் துடுப்பால் விடாமல் கிளறணும். கட்டி விழக்கூடாது. வெந்ததா என்று எப்படித் தெரியும்? கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பார்க்கணும். ஒட்டவில்லை என்றால் வெந்துவிட்டது. அதை ஆறவைத்து மறுநாள் தண்ணீரோ மோரோ விட்டு, உப்புப் போட்டுக் கரைத்துக் குடிக்கணும். ஆக, புதன்கிழமைக் கூழுக்குத் திங்கட்கிழமையே வேலை தொடங்கிவிடுகிறது. எரியும் சட்டியைத் தொடச் சொல்லி எட்டு வயசுப் பிள்ளையின் கையைப் பிடித்து அழுத்துகிற எங்க ஆயாவிடம் தெர்மாமீட்டர் இருந்ததில்லை. அது ஓர் அறிவுமுறை. அறிவென்றால் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் அந்தத் துடுப்பை ஐந்து நிமிஷம் பிடித்துப் பார்க்கலாம்.

கீரைக்கு வருகிறேன். பண்ணைக்கீரை, குமுட்டிக்கீரை, தொய்யக்கீரை, பொன்னாங்கண்ணி, வேலியில் படர்ந்த முடக்கத்தான். கழனி வேலை முடித்துத் திரும்பும்போது பெண்களின் மடி நிறைய கலவைக்கீரை இருக்கும். இதில் சமையல் பாடம் அடுப்படியில் நடப்பதில்லை, வரப்பில் நடக்கிறது. பெரியம்மா குனிந்து கிள்ளும், நாம் பின்னால் போய்ப் பார்த்துக் கிள்ளணும். தப்பானதைக் கிள்ளினால் வாங்கித் தூர எறியும், காரணம் சொல்லாது. மழை பெய்து வயல் நிறைந்தால் நத்தையும் நண்டும் வரும். நத்தையை வேகவைத்து முள்ளால் குத்திச் சதையை இழுத்து, உப்பும் மஞ்சளும் போட்டு வழுவழுப்புப் போகிற மட்டும் கழுவணும். ஏரி வற்றும் மாதத்தில் கெளுத்தியும் உளுவையும் விராலும். அந்தந்த மாதத்துக்கு அந்தந்தப் பாடம். பூமியே அட்டவணை போட்டுக்கொடுத்த பள்ளிக்கூடம் என்று அழகாகச் சொல்லிவிடலாம். ஆனால் கூலி போதாததால்தான் நாங்கள் வரப்பில் குனிந்தோம் என்பதை மறைத்துவிட்டு அப்படிச் சொல்வது பொய்யாகும்.

மாட்டுக்கறியில் ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் வேலை பிரிந்திருந்தது. வெட்டுவதும் கூறு போடுவதும் ஆம்பளைகள். ஆக்குவது பெண்கள். கறியை மஞ்சளும் உப்பும் போட்டு மண்சட்டியில் நிதானமாக வேகவிடணும். முற்றின கறியாக இருந்தால் ஒரு துண்டு பப்பாளிக்காய். எண்ணெய் இருக்காது, கொழுப்பை முதலில் போட்டு உருக்கினால் அதுவே எண்ணெய். மிஞ்சியதை நீளநீளமாகக் கீறி, உப்பில் புரட்டி, கொடியில் மாலை மாதிரிக் கோத்துக் காயப்போட்டால் உப்புக்கண்டம். நைனாவுக்கு மழைக்காலத்தில் அதைத் தணலில் சுட்டு, அம்மியில் வைத்துத் தட்டிக் கொடுப்போம். பெரும்பாணாற்றுப்படையில், காஞ்சிக்குப் போகும் வழியில், எயிற்றியர் புல்லரிசிச் சோற்றோடு போடும் வாடூனும் இதுதான். வகுப்பில் ‘வாடூன்’ என்று படித்துப் பரீட்சையில் மதிப்பெண் வாங்கினேன். கொடியில் காய்ந்தபோது அதற்குப் பெயர் ‘பறத்தெரு நாத்தம்’.

இதைப் பேசும்போது நமக்குள்ளேயே இருக்கும் சிக்கலையும் பேசியாக வேண்டும். செத்த மாட்டைத் தின்பதை விடுங்கள் என்று 1927இல் மகாத்தில் அம்பேத்கர் கேட்டுக்கொண்டார். 1948இல் 'தீண்டப்படாதோர்' நூலில் மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள வரலாற்று உறவை ஆராய்ந்தவரும் அவரே. எங்கள் பக்கத்துச் சேரிகளிலும் படித்த முதல் தலைமுறை, மானம் கருதி, வீட்டில் பெரிய கறி ஆக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. அவர்களைக் கேலி செய்ய நான் தயாரில்லை. செத்த மாட்டை இழுக்கச் சொன்ன கையிடமிருந்து விடுபட அவர்களுக்கு அது ஒரு வழி. ஆனால் அந்த இடைவெளியில் ஒரு தலைமுறைப் பெண்கள் அந்தச் சமையலைக் கற்கவே இல்லை. 2017 மே மாதம் சந்தையில் மாடு விற்பதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டு, சென்னை ஐஐடியில் மாட்டுக்கறி விருந்து நடத்திய மாணவர் ஒருவர் தாக்கப்பட்டபோது, அரசியலாக அந்தக் கறியைத் தின்ன விரும்பிய பல தோழர்களுக்கு அதை ஆக்கத் தெரியாது. ஓட்டலில்தான் வாங்கினார்கள்.

*

நமது பெண்களும் ஆண்களும் அடுத்தவன் சமையலைக் கற்ற வரலாறு ஒன்று இருக்கிறது. சென்னை ராஜதானியில் வெள்ளைக்காரர் வீட்டு அடுப்படியில் நின்ற பட்லர்களும் சமையல்காரர்களும் பெரும்பகுதி நம்மவர்கள். மாட்டையும் பன்றியையும் தொட மாட்டேன் என்று சொன்ன சாதிகள் அந்த வேலைக்கு வர முடியாது. வர முடிந்தவர்கள் வந்தார்கள். அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். அவர் கையிலிருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடிதான் துரை வழியாக எல்லீஸிடம் போனது என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். துரை வீட்டு அடுப்படியில் நின்றவர் குடும்பத்தில் குறள் ஏடு இருந்திருக்கிறது. தமிழ்த்துறைகள் இதை நம்பத் தயங்கிய காலம் நீண்டது.

1878இல் சென்னை ஹிக்கின்பாதம்ஸ் ஒரு சமையல் நூலை வெளியிட்டது. எழுதியவர் ‘வைவெர்ன்’ என்ற புனைபெயர் வைத்துக்கொண்ட கென்னி ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி. 30 அத்தியாயங்கள், விருந்துப் பட்டியல்கள். அதில் சமையல்காரருக்கு ஒரே பெயர்: ராமசாமி. யாராக இருந்தாலும் ராமசாமிதான். அவனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது, அவனை எப்படிக் கண்காணிப்பது என்று துரைசானிகளுக்கு யோசனைகள் உண்டு. ராமசாமி அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. கேட்டான், பார்த்தான், செய்தான். இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு ரிச்சர்ட் டெம்பிள் விதித்த கூலி நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், கூடவே சொற்பக் காசு. பக்கிங்காம் கால்வாயைப் பஞ்சக் கூலிகள் வெட்டினார்கள். பிரெஞ்சு சூப்பைத் தெளிய வைப்பது எப்படி என்று ராமசாமி கற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவன் சொந்தக்காரர்கள் கஞ்சித் தொட்டியில் வரிசையில் நின்றார்கள்.

பதிமூன்று ஆண்டு கழித்து, 1891இல், செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்தது பஞ்சமி நிலத்துக்கான அரசாணை. சோற்றுப் பிரச்சினை நிலப் பிரச்சினைதான் என்று அந்த வெள்ளைக்கார அதிகாரிக்குப் புரிந்திருக்கிறது. 1994 அக்டோபரில் காரணையில் பஞ்சமி நிலம் கேட்டுப் போராடி ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தது இதே செங்கல்பட்டு மண்ணில்தான்.

அமெரிக்கக் கறுப்பர்களுக்கும் இந்த ராமசாமி அனுபவம் உண்டு. அடிமையாகப் பிறந்த அபி ஃபிஷர் என்ற பெண்ணின் சமையல் புத்தகம் 1881இல் சான் பிரான்சிஸ்கோவில் வெளிவந்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாயால் சொன்னார், மற்றவர்கள் எழுதினார்கள். ஆனால் அட்டையில் அவர் பெயர் இருக்கிறது. நம் ராமசாமிகளில் ஒருவருக்கும் அட்டை கிடைக்கவில்லை. மராத்தியில் ஷாஹு பட்டோளே 2015இல் மராத்வாடா தலித் அடுப்படிகளைப் பற்றி எழுதிய நூல் 2024இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. அதற்கு முன்பே, 2009இல், புனே பல்கலைக்கழகத்தில் சர்மிளா ரெகேயின் மாணவர்கள் தலித் உணவு நினைவுகளைத் தொகுத்தார்கள். தமிழில் நம் தன்வரலாறுகளில் சோறு வராத பக்கமில்லை. அளவும் முறையும் சொல்லும் பக்கம்தான் குறைவு.

*

கற்பது ஒரு பாதி. கற்றதை அடுத்தவர் தின்பது மறுபாதி. ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். அவரைப் பற்றிக் குருபரம்பரைக் கதைகளில் ஒன்று: பூந்தமல்லியில் பிறந்த, பிராமணரல்லாத திருக்கச்சி நம்பியைக் காஞ்சிபுரத்தில் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைக்கிறார். நம்பி உண்ட மிச்சத்தைத் தாம் உண்ண ஆசை. அவர் வெளியே போன நேரத்தில் நம்பி வந்து சாப்பிட்டுப் போகிறார். ராமானுஜரின் மனைவி இலையை எடுத்தெறிந்து, இடத்தைக் கழுவி, தலைமுழுகி, புதிதாகச் சமைக்கிறார். கதையில் பழி முழுக்க அந்தப் பெண் மேல் விழுகிறது. அவருக்கு அப்படிக் கழுவக் கற்றுக்கொடுத்தது எது? அவர் தாய்வீட்டு அடுப்படியில் சமையலோடு சேர்த்துக் கற்ற பாடம் அது. எத்தனை விசில் என்று சொல்லிக்கொடுக்கிற மாதிரியே யார் தொட்டால் தீட்டு என்றும் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. இதைச் சமையல் கல்வியிலிருந்து பிரிக்க முடியாது.

1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். அரசு அடுப்பு எரியும்போது அதில் நம் பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். எரிச்சலும் அங்கேயே தொடங்கியது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக்கூடாது என்று சாதி இந்துக்கள் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் அவரைத்தான் வேறு ஊருக்கு மாற்றினார்கள். போராட்டத்துக்குப் பிறகே திரும்ப வந்தார், வழக்கும் பதிவானது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் அதே கதை. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலும், எட்டயபுரத்துக்குப் பக்கத்து உசிலம்பட்டியிலும் தலித் பெண் சமைத்த உப்புமாவும் பொங்கலும் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றார்கள். எட்டயபுரத்தில் தொடங்கி 67 ஆண்டு சுற்றி எட்டயபுரத்துக்கே வந்து நின்றிருக்கிறோம். கலெக்டரும் எம்.பி.யும் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நல்லதுதான். கலெக்டர் சாப்பிட்டால்தான் ஒருத்தியின் கைப்பக்குவம் சுத்தமாகும் என்றால் அவ்வளவு கலெக்டருக்கு எங்கே போவது?

*

இனி எங்கள் சாலைக்கு வருகிறேன். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது. 2006இல் நோக்கியா வந்தது, 2014இல் மூடிவிட்டுப் போனது. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட் நிசான். பிறகு வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம். கழனி போனதும் நடவு போனது, நடவு போனதும் வரப்பு போனது, வரப்போடு மடியில் கட்டிவந்த கீரைப் பாடமும் போனது. இதை மட்டும் சொல்லி அழுதால் நான் பாதி உண்மை சொன்னவளாவேன். 2008இல் ரேஷனில் கிலோ ஒரு ரூபாய் அரிசி, 2011இல் விலையில்லா அரிசி, அதற்கு முன்னும் பின்னும் இலவச கேஸ் அடுப்பு, மிக்சி, கிரைண்டர். எங்கம்மாவின் முதுகு அம்மியிலிருந்து நிமிர்ந்தது. ஆண்டையின் களத்தில் நின்று நெல் வாங்கும் கை கம்பெனிச் சம்பளம் வாங்கியது. கூழ் இல்லாமல் போனதற்கு எங்க தெருவில் யாரும் அழவில்லை. 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தபோது நெடுஞ்சாலை ஓட்டலில் கேழ்வரகுக் களியின் விலையைப் பார்த்து எங்க ஆயா சிரித்த சிரிப்பு தனிக்கதை.

இப்போது இந்தச் சாலையில் விடுதிகளில் தங்கி வேலை செய்கிற பெண்கள் திருவண்ணாமலை, விழுப்புரம், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கங்களிலிருந்தும், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். பதினெட்டு, பத்தொன்பது வயது. நம் பிள்ளைகள் நிறையப் பேர். நான் போய்ப் பார்த்த விடுதிகளில் அறைக்குள் சமைக்கக்கூடாது. ஷிப்டுக்கு முன்னால் மெஸ், ஷிப்டுக்கு நடுவில் கேன்டீன். எட்டு வயதில் அடுப்பைப் பிடிக்க வைத்த கொடுமை இவர்களுக்கு இல்லை, அது எனக்குச் சந்தோஷம். ஆனால் தான் தின்பது என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமையும் அதோடு போய்விட்டது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கம் பாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சாகி 159 பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று சொல்ல ஆளில்லை. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். ஆலை மூடி, 2022 ஜனவரி 12இல்தான் திறந்தது. விடுதியும் உணவுக்கூடமும் தரமாக இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. தொழிற்சங்க வரலாற்றில் இதை ‘விடுதிப் பிரச்சினை’ என்று ஒரு வரியில் முடிக்கிறார்கள். என் கணக்கில் அது இந்த வட்டாரத்தின் மிகப்பெரிய சமையல் போராட்டம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண்கள் தங்கும் கட்டடத்தை அரசு திறந்தது. சுவர் நன்றாக இருக்கிறது, காற்று வருகிறது. அறைக்கு அறை அடுப்பு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

விடுதி வேண்டாம் என்று வெளியே வீடு எடுத்தால் வேறு பரீட்சை. "நீங்க வெஜ்ஜா?" என்பதுதான் முதல் கேள்வி. சாதியைக் கேட்கக் கூச்சப்படும் வீட்டுக்காரர் சமையலைக் கேட்டு விடை வாங்கிக்கொள்கிறார். என்னோடு சங்கக் கூட்டத்துக்கு வரும் நாலு பெண்கள் ஒரு மாடி அறையில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் சன்னலைச் சாத்தி, ஊதுவத்தி ஏற்றி வைத்துவிட்டுத்தான் அடுப்பை மூட்டுகிறார்கள். ஒருத்திக்கும் ஆக்கத் தெரியாது. போனில் அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடுகிறார்கள். அந்த அம்மா மன்னார்குடி பக்கம் எங்கோ நூறு நாள் வேலையிலிருந்து பேசுகிறது. "எவ்வளவு தண்ணிம்மா?" என்று இவள் கேட்டால், "சட்டியக் காட்டு" என்கிறது அந்தப் பக்கம். இவள் வீடியோவில் சட்டியைக் காட்டுகிறாள். "இன்னும் கொஞ்சம் ஊத்து. போதும். இப்ப மூடி வெச்சிட்டு, கொதி சத்தம் எனக்குக் கேக்குற மாதிரி போன அடுப்பாண்ட வையி."

நான் அதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். ஒடிசாப் பெண் ஒருத்தி தன் ஊர்ப் பழைய சோற்றுக்கு ‘பக்காளா’ என்று பெயர் சொன்னாள். இரவே தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் பச்சை மிளகாயோடு தின்பார்களாம். நாலு பேரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து, எவ்வளவு நேரம் ஊறணும், புளிப்பு எந்த மட்டும் வரணும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குள் இரவு ஷிப்டுக்குப் பஸ் வந்துவிட்டது.